செட்டிநாட்டு வீடுகளின் மர அலங்கார விளிம்புகள்: மறுஆக்கமும் மூலத்தின் நம்பகத்தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும்போது அழிந்துபோன மர அலங்கார விளிம்புகளுக்கு ஈடாகப் புதிதாகச் செதுக்கிய பிரதியை வைப்பதா, வேறொரு வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய உறுப்பை வைப்பதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பழமையான பொருளே வரலாற்றுக்கு நேர்மையானது என்ற பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது என்பதையும், முறையாக ஆக்கி அடையாளமிட்ட பிரதியே வீட்டின் வரலாற்றுச் சான்றைக் காக்கிறது என்பதையும் தொழில்நுட்பச் சான்றுகளின் துணையுடன் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, மரவேலை, தச்சர், அலங்கார விளிம்பு, மறுஆக்கம், மரபுக் கட்டடப் பாதுகாப்பு

முன்னுரை

செட்டிநாட்டு வீடொன்றின் தலைவாசல் நிலையை நோக்குவோரின் கண் முதலில் மேற்பலகையில் வீற்றிருக்கும் கஜலட்சுமியின்மீது படும். அவ்வுருவத்தைச் சூழ்ந்து, நிலைக்கால்களின் வழியே கீழிறங்கும் தாமரை இதழ் வரிசையும் கொடிக்கருக்கும் மணிக்கோவையும் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கலை வரலாற்று நூல்களும் உருவங்களை விவரித்த அளவுக்கு இவ்வரிகளை விவரித்தவை அல்ல. ஆயினும் ஒரு நிலையின் அமைப்பை ஆள்பவை இவ்வரிகளே. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட சட்டங்கள் சுவரின் தளத்திலிருந்து கதவின் தளத்துக்குப் படிப்படியாக உள்வாங்கிச் செல்கின்றன. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஓர் அலங்கார வரி அமைகிறது. இன்றைய தச்சர்கள் வெறும் இழைப்பு வரியைப் ‘பீடிங்’ என்று வழங்குகின்றனர். செதுக்கு வேலையுள்ளதும் இல்லாததுமாகிய இரு வகையையும் ‘அலங்கார விளிம்பு’ என்ற ஒரே சொல்லால் இக்கட்டுரை சுட்டுகிறது.

பழுதுபார்ப்பில் முதலில் அழிவதும் இவ்விளிம்பே. நிலைக்காலின் அடிப்பகுதி தரையின் ஈரத்தை உறிஞ்சி மட்குகிறது. கரையான் ஏறுவதும் அவ்வழியேதான். உருவம் இருக்கும் மேற்பலகை நூறாண்டு கடந்தும் நிற்க, அடியில் ஒரு முழ உயரத்துக்கு வரிகள் உதிர்ந்துவிடுகின்றன. மறுஆக்கம் என்னும் வினா எழுவது அந்த ஒரு முழத்தில்தான்.

தேக்கும் வணிகமும்

இவ்வீடுகளுள் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்ததும், 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் அந்நாட்டின் நெல் விளைச்சலை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றன. அவ்விளைச்சலுக்குக் கடன் வழங்கியவர்களுள் நகரத்தார் முதன்மையானோர். வட்டியாகவும் ஈடாகவும் திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி தேக்காக மாறிக் கடல் கடந்து வந்தது. பர்மாத் தேக்கின் நீளமும் பருமனும் உள்ளூர்த் தச்சருக்கு ஒரு புதிய வாய்ப்பை அளித்தன. ஒட்டுப்போடாத ஒரே மரத்தில் தூணையும், இடைமுறியாத ஒரே சட்டத்தில் நிலைக்காலின் முழு வரியையும் செதுக்க முடிந்தது. மரத்தின் அளவே அலங்காரத்தின் போக்கைத் தீர்மானித்தது எனலாம்.

1930களின் பொருளாதார மந்தம், 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியது, விடுதலைக்குப் பின் பர்மாவில் நிகழ்ந்த நிலவுடைமை மாற்றங்கள், 1960களின் நாட்டுடைமையாக்கம் ஆகியவை இச்செல்வத்தின் ஊற்றை அடைத்தன. வீடுகள் எஞ்சின, அவற்றைப் பேணும் வருவாய் எஞ்சவில்லை. ஒரே வீட்டில் பங்காளிகள் பலருக்கு உரிமை இருந்ததால் பழுதுபார்ப்பு தள்ளிப்போயிற்று. சில வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. அவற்றின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அடைந்தன. அங்கிருந்து விடுதிகளுக்கும் நகர மாளிகைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெறுவது ஒரு வீட்டையும் இடிப்பிலிருந்து தானாகக் காத்துவிடாது என்பது வெளிப்படை.

பெயரும் வடிவமும்

ஒரு விளிம்பை மறுபடி ஆக்குவதற்கு முன் அதன் பெயரை அறிய வேண்டும். பெயர் அறியாத தச்சருக்கு அது வெறும் மேடுபள்ளம்; பெயர் அறிந்தவருக்கு அது ஓர் உறுப்பு. கோயிற் கட்டடக்கலையில் அதிட்டானத்தின் வரிகளுக்கு உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை, வாஜனம் எனத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. கல்லில் அமைந்த இவ்வரிசையின் சிற்றுருவங்களே மர நிலையின் அடுக்குகளில் மீண்டும் தோன்றுகின்றன. வெளிப்புறமாகக் குமிழ்ந்த குமுதம், உள்வாங்கிய கண்டம், மேலே புரண்டு விரியும் பத்மம் என்ற மாற்றொழுங்கைத் தெரிந்துகொண்டவர், உதிர்ந்த பகுதியில் எது இருந்திருக்கும் என்பதை எஞ்சிய பகுதியிலிருந்து உய்த்துணர இயலும்.

இப்பெயர்களுக்கும் வடிவங்களுக்கும் இடையே இருந்த இடைவெளியை முதன்முதலில் நூலாய்வின் வழியே எதிர்கொண்டவர் இராம் ராசு. தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாகப் பணியாற்றிய இவர் எழுதிய இந்துக் கட்டடக்கலை பற்றிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1834இல் இலண்டனில் இராயல் ஆசியக் கழகத்தால் வெளியிடப்பட்டது. மானசாரம் முதலிய சிற்பநூல்களின் கலைச்சொற்கள் இலக்கணப் புலமையால் மட்டும் விளங்கவில்லை. தொழில் செய்வோரின் துணை வேண்டியிருந்தது. பத்மம், குமுதம் முதலிய உறுப்புகளைக் கிரேக்க, உரோமானிய உறுப்புகளோடு ஒப்பிட்டு வரைபடங்களுடன் அவர் விளக்கினார். ஏட்டுப் புலவருக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. தச்சருக்குப் பொருள் தெரியும், ஏட்டுச்சொல் தெரியாது என்ற அந்நிலை இருநூறாண்டுகளாகியும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

செட்டிநாட்டு விளிம்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை முழுவதும் சிற்பநூல் மரபைச் சார்ந்தவை அல்ல. ஆங்கிலேயர் காலக் கட்டடங்களில் புழங்கிய வெறும் இழைப்பு வரிகள் சன்னல் சட்டங்களிலும் மாடிப்படிக் கைப்பிடிகளிலும் கலந்து கிடக்கின்றன. ஒரே வீட்டின் தலைவாசலில் தாமரை இதழும், உள்ளறைக் கதவில் ஐரோப்பிய வளைவும் அமைந்திருக்கும். ‘மரபு’ என்ற பெயரில் பிற்கூறியதை நீக்கிவிட்டு எல்லா இடத்திலும் தாமரையைச் செதுக்குவது பழுதுபார்ப்பாகாது. அது இன்றைய விருப்பத்தை அன்றைய வீட்டின்மீது சுமத்துவதாகும்.

வெட்டுமுகத்தைப் படியெடுத்தல்

ஒரு விளிம்பின் வடிவத்தைச் சுருங்கச் சொல்ல அதன் வெட்டுமுகமே போதும். மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் கோடு அது. அக்கோட்டைப் படியெடுக்க ஊசிச் சீப்பு போன்ற கருவியை விளிம்பின்மீது அழுத்துவர். உட்குழிந்த இடங்களுக்குச் சிலிக்கான் அல்லது சாந்து அச்சு எடுப்பர். இன்று ஒளிக்கதிர் வருடலும் பயன்படுகிறது. எவ்வழியில் எடுத்தாலும், எடுக்கப்படுவது மரத்தின் வடிவமா, மரத்தின்மேல் படிந்தவற்றின் வடிவமா என்ற வினா முன்நிற்கிறது. பல தலைமுறைகளாகப் பூசிய வார்னிசும் வண்ணமும் எண்ணெய்ப் பிசுக்கும் கூர்முனைகளை மழுக்கி, பள்ளங்களை நிரப்பியிருக்கும். அதை அப்படியே படியெடுத்தால் பிரதி பிறக்கும்போதே மழுங்கிப் பிறக்கும். ஆகவே கீலுக்குப் பின்புறம், பிற்காலச் சுவர்ப்பூச்சு மறைத்த ஓரம், பூட்டுத்தகட்டின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களைத் தேடுவது தேர்ந்த தச்சரின் முதல் வேலை. அங்கே உளியின் தடமும், செதுக்குவதற்கு முன் கீறிய வரைகோடும்கூட எஞ்சியிருக்கும். ஆவணக் காப்பகத்தில் ஓலையைத் தேடுவோருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடில்லை.

மரம் காலப்போக்கில் அளவு மாறும் பொருள் என்பதையும் மறத்தலாகாது. தேக்கு பிற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். ஆயினும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனவே முற்றும் உலராத மரத்தில் அரைவட்டமாகச் செதுக்கிய ஒரு வரி, உலர்ந்தபின் சற்றே நீள்வட்டமாகும். பிரதியில் ஆக்க வேண்டியது தச்சர் எண்ணிய அரைவட்டமா, இன்று காணும் நீள்வட்டமா? பழைய வரியோடு பொருந்த வேண்டிய ஒட்டுத் துண்டாயின் இன்றைய வடிவமே தேவை. இல்லையெனில் இணைப்பில் படி தெரியும். முழு வரியும் புதிதாயின் தச்சர் எண்ணிய வடிவத்தை மீட்பதே தகும். இரண்டுக்கும் பொதுவான ஒரே விதி இல்லை.

கருவிக்கு வருவோம். வளைந்த அலகுடைய இழைப்புளியால் வரியை இழைக்கும்போது, அலகின் வடிவமும் மரத்தில் விழும் வடிவமும் ஒன்றல்ல. அலகு சாய்வாகப் படுத்திருப்பதால் ஆழம் நீட்டிக்கப்பட வேண்டும். 45 பாகையில் படுத்த அலகில், மரத்தில் 10 மில்லிமீட்டர் ஆழம் வேண்டுமெனில் அலகில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் தீட்ட வேண்டும். அகலம் மட்டும் மாறாது. சுழலும் இயந்திரத்தின் வெட்டலகிலும் இத்தகைய திருத்தம் தேவை. இக்கணக்கை அறியாது, படியெடுத்த கோட்டை அப்படியே இரும்பில் வெட்டினால், தட்டையான ஒரு விளிம்பே கிடைக்கும். பார்ப்போர்க்கு ஏதோ பிழை என்று தோன்றும். எது பிழை என்று சொல்லத் தெரியாது.

வடிவம் சரியாக அமைந்த பின்னும் வேறுபாடு எஞ்சுகிறது. கை இழைப்புளி மரத்தின் நீளவாக்கில் தொடர்ந்த மெல்லிய தடத்தை விடுகிறது. சுழலும் வெட்டலகு நீளத்துக்குக் குறுக்கே நுண்ணிய அலைகளை விடுகிறது. வளவில் சாய்ந்து விழும் காலை ஒளியில் இவ்விரண்டும் வேறுவேறாகத் தெரியும். உளி உள்மூலையைக் கூராக வெட்டும்; சுழலும் அலகு தன் ஆரத்துக்கு ஏற்ப உருட்டிவிடும். இதழ் வரிசையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். மூலையில் இதழ் முழுமையாக அமையும் வகையில் இடையிலுள்ள இதழ்களின் அகலத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வைப்பது கைச்செதுக்கின் இயல்பு. கணினி இயக்கும் இயந்திரமோ, அவ்வாறு பணிக்கப்படாத வரை, எல்லா இதழையும் ஒரே அளவில் வெட்டிச் சென்று மூலையில் ஓர் இதழைப் பாதியில் முறித்து நிற்கும். குறை இயந்திரத்தினுடையது அன்று. இதழ்களுக்கிடையே இருந்த சிறு வேறுபாட்டைப் பிழையென்று எண்ணிச் ‘சரிசெய்து’ வரைந்தவருடையது.

இயந்திரம் பற்றிய ஐயம்

இதனால் இயந்திரத்தால் ஆன பிரதி அனைத்தும் போலி என்று முடிவு கட்டுவது பொருந்தாது. பிற நாட்டுச் சான்று ஒன்று இதற்கு உதவும். இராம் ராசின் நூல் வெளிவந்த அதே 1834இல், அக்டோபர் 16ஆம் நாள் இரவு, இலண்டனின் வெசுட்மினிசுட்டர் அரண்மனை எரிந்தது. சார்லசு பாரியும் அகசுடசு பியூசினும் எழுப்பிய புதிய அரண்மனை, கைவினையின் மேன்மையைப் போற்றிய கோத்திக் மறுமலர்ச்சியின் பெருஞ்சின்னமாகக் கருதப்படுகிறது. அதன் மரச்செதுக்குகளில் பெருமளவு, தாமசு சோர்டன் 1845இல் காப்புரிமை பெற்ற செதுக்கு இயந்திரத்தால் முதலில் உருவெட்டப்பட்டு, பின்னர் உளியால் முடிக்கப்பட்டவை. அவ்வியந்திரத்தில் ஒரு மாதிரியைத் தடவிச் செல்லும் முனையின் வழியே பல பிரதிகளை ஒருசேர வெட்டலாம். அக்கட்டடத்தின் ‘மூலம்’ எனப்படுவதே பிரதி என்றால், அதை இன்று இயந்திரத்தால் உருவெட்டிக் கையால் முடிப்பது மூலத்துக்கு மாறானதன்று. மூலத்தின் வழியே ஆகும். செட்டிநாட்டுத் தலைவாசலுக்கு அது பொருந்தாது. அது உளியால் தொடங்கி உளியால் முடிந்தது. உள்ளறைகளின் வெறும் இழைப்பு வரிகளிலோ, குறுக்கலை தெரிகிறதா என்று பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். கருவியைத் தேர்வது கொள்கையன்று. அந்தந்த வரியின் வரலாறு அதைத் தீர்மானிக்க வேண்டும்.

பெயர்த்தெடுத்த மூலம்

இவ்வளவு இடர்ப்பாடு எதற்கு, அதே காலத்துப் பழைய நிலையொன்றைக் கடையில் வாங்கிப் பொருத்திவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. நடைமுறையில் பலர் செய்வதும் அதுவே. மரம் பர்மாத் தேக்கு, உளித்தடம் உண்மையானது, காலத்தின் மெருகும் உண்டு. செலவும் சில வேளை குறைவு. பிரதியைவிட இதுவே நம்பகமானது என்று வாதிடவும் இயலும்.

இவ்வாதம் துண்டைக் காண்கிறது, வீட்டைக் காணவில்லை. முதலாவது, பெயர்த்தெடுத்த நிலை புதிய வாசலின் அளவுக்கு அரிதாகவே பொருந்தும். அடியில் அறுக்கப்படும், அல்லது பக்கச்சட்டம் ஒன்று கழற்றப்படும். அடுக்குகளின் மாற்றொழுங்கும் விகிதமும் அதனால் சிதைகின்றன. நூறாண்டு தப்பிய வரியின் அடிப்பகுதி பழுதுபார்ப்பின் பெயரால் அறுபடுவது வேடிக்கையே. இரண்டாவது, கடையில் கிடைக்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு வீடு இல்லாமற்போனதன் சான்று. இடிந்த வீட்டின் பொருள் விறகாகாமல் தப்பட்டும் என்ற மறுமொழியில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பழைய நிலைக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற நிலைமையே, கூரை ஒழுகும் வீட்டைப் பழுதுபார்ப்பதைவிடப் பிரித்து விற்பதை ஆதாயமாக்குகிறது. ஒரு வீட்டைக் காக்கும் கொள்முதல் இன்னொரு வீட்டின் இடிப்புக்கு விலை கொடுக்கிறது. ஒழுகும் கூரைக்குப் பணம் தேடி ஒரு கதவை விற்கும் உரிமையாளரைக் குறை கூறுவது எளிது; அவருக்கு வேறு வழி காட்டுவது அத்துணை எளிதன்று.

மூன்றாவது, வரலாற்றாய்வுக்கு நேரும் கேடு. கட்டிய ஆண்டைக் குறிக்கும் ஆவணம் கிடைக்காத வீடுகளில், மரவேலையின் வடிவும் கருவித்தடமும் காலத்தைக் கணிக்கும் சான்றுகளுள் முதன்மையானவை. எந்த ஊரில் எந்த வரி மிகுதி, எந்தக் காலத்தில் ஐரோப்பிய வளைவு உள்ளறையிலிருந்து முகப்புக்கு வந்தது என்பவற்றை வீடுவீடாக ஒப்பிட்டே அறிய முடியும். வேற்றூர் நிலையொன்று ஓசையின்றி ஒரு வீட்டினுள் புகுந்துவிட்டால், பின்வரும் ஆய்வாளர் அதை அவ்வீட்டின் சான்றாகவே கொள்வார். பிரதி அடையாளத்தோடு இருக்கும் வரை எவரையும் ஏமாற்றாது. ஏமாற்றும் ஆற்றல் உண்மையான பழம்பொருளுக்கே உண்டு.

பன்னாட்டு நெறிகளும் இதையே சுட்டுகின்றன. 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயத்தின் 8ஆம் பிரிவு, கட்டடத்தின் பிரிக்கவியலாப் பகுதியாகிய அலங்காரத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோது மட்டும் அகற்றலாம் என்கிறது. 12ஆம் பிரிவு, புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், அதே வேளை மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடையதும் கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுமான பொருளையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் அடக்குகிறது. 1910களில் கட்டிய வீடுகளின் நிலைகள் இவ்வரையறைக்குள் வந்துவிட்டன. 1920களின் வீடுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

தென்னாட்டுச் சிற்பநூலாகிய மயமதத்தில் பழுதுபார்த்தலுக்கெனத் தனி அதிகாரமே உண்டு. இலக்கணம் இன்னும் தெரியும் நிலையிலுள்ள கட்டடத்தை அதற்குரிய பொருளாலேயே, பழைய உயர அகல அளவுகளின்படி, இல்லாத ஒன்றைச் சேர்க்காது, தொடக்கத் தோற்றத்துக்கு இயைய, அறிந்தோரின் அறிவுரையோடு புதுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இது கோயிலுக்குரிய விதி. வீட்டுக்கு அப்படியே பொருத்துவது மிகையாகலாம். எனினும் அங்கு வற்புறுத்தப்படுவது பொருளின் வயதன்று, அளவும் தோற்றமும் அறிவுமே என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு விலக்கையும் குறிப்பிட வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பிரிக்கப்பட்ட வீட்டின் உறுப்புகளைக் கொண்டு செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. அது அருங்காட்சியகப் பொருளாகவே தன்னை அறிவித்துக்கொண்டு நிற்கிறது. வேறொரு வீட்டின் வரலாற்றுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை.

மரமும் அடையாளமும்

பிரதி ஆக்கத் துணிந்தபின் எஞ்சுவது மரம். மியன்மா அரசு 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வெட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. நிலம்பூரில் 1840களில் தொடங்கிய தோட்டத் தேக்கின் வழிவந்த இந்தியத் தேக்கும், பிற நாடுகளின் தோட்டத் தேக்கும் கிடைக்கின்றன. விரைந்து வளர்ந்த தோட்ட மரத்தின் வளையங்கள் அகன்றவை. மெல்லிய இதழ் நுனியைச் செதுக்கும்போது அவ்வேறுபாட்டை உளி உணரும். ஆகவே இடிந்த வீடுகளின் உத்தரங்களையும் கைமரங்களையும் அறுத்துப் பிரதிக்குப் பயன்படுத்தும் வழக்கம் உள்ளது. இங்கு மேற்கூறிய வாதமே திரும்பி வந்து நிற்கிறது: உத்தரமும் ஒரு வீட்டினுடையதுதானே? அலங்காரமற்ற உத்தரம் அறுபட்டுப் புதிய வடிவம் பெற்றபின் எவ்வீட்டின் சான்றாகவும் தவறாகக் கொள்ளப்படாது என்பதே இவ்வழக்கத்துக்குக் கூறத்தக்க நியாயம். இது முழு நியாயம் அன்று. அதே வீட்டின் சிதைந்த பகுதியிலிருந்து கிடைக்கும் மரத்தை முதலில் தேடுவதே முறை.

2017 டிசம்பரில் தில்லியில் கூடிய இக்கோமோசு பேரவை ஏற்றுக்கொண்ட மரக்கட்டட நெறிகள், மாற்று மரம் இயன்றவரை அதே இனத்ததாகவும், ஒத்த இழையோட்டமுடையதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கருவியும் செய்ந்நுட்பமும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்றும், புதிய உறுப்பில் கண்ணை உறுத்தாத அடையாளம் இட வேண்டும் என்றும் கூறுகின்றன. நிலைக்காலின் அடியில் ஒட்டும் ஒரு முழத் துண்டுக்கு இவ்வடையாளத்தை முகப்பில் இட வேண்டியதில்லை. சுவரை நோக்கிய பின்முகத்தில், உளியால் ஆண்டையும் ஊரையும் செதுக்கிவிட்டுப் பொருத்தலாம். வாசலில் நுழைவோர் எவரும் அதைக் காணார். அடுத்த முறை அந்நிலையைக் கழற்றும் தச்சர் காண்பார்.